காத்தண்ணனின் சிவப்புக் குழாய்

காத்தண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவருடைய உருவத்தைப் பார்த்து வைக்கவில்லை. உருவம் புயலுக்கும் அசையாத ரகம். வாயைத் திறந்தால் காற்றைப் பற்றி மட்டுமே பேசுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. எஞ்சின் என்பது காற்றை இழுத்து விடும் ஒரு பம்பு, வேறொன்றுமில்லை. பெட்ரோலை எவனும் ஊற்றிவிடலாம், காற்றைக் கொடுக்கத் தெரிந்தவனே ஆள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில், ஒரே மாடல் கார் வைத்திருக்கிற பாவத்துக்காக ஒன்றுகூடும் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று அவர் இதைச் சொல்வார். கூட்டம் தலையாட்டும். வீட்டில் தலையாட்டி அலுத்துப்போனவர்கள் வெளியிடத்தில் வந்து தலையாட்டுவதற்காக ஏற்பட்ட சங்கம்தானே அது.

பிழைப்புக்கு அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். கடையின் பின்புறம் சன்னலில்லாத ஓர் இருட்டறை. எதிர்ச்சுவரில் விளக்கெரியும் எழுத்துப் பலகை, உயர்த்தித் தாழ்த்தும் நாற்காலி, மூக்கின் மேல் மாட்டினால் மனிதனைப் பூச்சியாக்கிவிடும் கனத்த இரும்புச் சட்டம். அதில் வில்லைகளைப் போட்டும் எடுத்தும் "இதுல நல்லா தெரியுதா, அதுலயா?" என்று கேட்பதுதான் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். வில்லையைக் கழற்றி, துணியால் துடைத்து, அதே வில்லையைத் திரும்பப் போட்டு, "இப்ப?" என்று கொஞ்சம் அழுத்திக் கேட்டால், உட்கார்ந்திருப்பவர் முகம் மலர்ந்து "ஆங், இப்ப நல்லா இருக்கு" என்பார். வாத்தியாரும் சொன்னார், நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவரும் சொன்னார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏளனம் வந்தது. நாளடைவில் அந்த ஏளனமே ஒரு தத்துவமாகத் தடித்துப்போயிற்று: மனிதர்களுக்குக் கண்ணும் காதும் சும்மா, கேட்கிற குரலில் உறுதி இருந்தால் போதும். இந்த மனிதர்களின் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருந்தால் அந்தச் சிவப்புக் குழாயை வாங்கியிருக்க மாட்டார்.

குழாய் என்றால், காரின் எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். கம்பெனியில் வரும்போது அது கறுப்புப் பிளாஸ்டிக்கில், ஒரு சப்பையான ஃபில்டர் பெட்டியோடு, பார்ப்பதற்குச் செருப்புப் பெட்டி மாதிரி இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான உலோகக் குழாயும் முனையில் கூம்பு ஃபில்டருமாக மாட்டிக்கொண்டால் வண்டி சிங்கமாகிவிடும் என்று விளம்பரத்தில் ஒருவன் சொன்னான். உறுதியான குரலில் சொன்னான். காத்தண்ணன் முகம் மலர்ந்து வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு கூட்டத்திலும் அறிவித்துவிட்டார்.

மாட்டிய பிறகு நடந்தது வேறு. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கி அணைந்தது. காரணம் எளிது. உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. அது கம்பெனிக் குழாயின் அகலத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது. குழாயை அகலமாக்கிவிட்டுக் கணக்கை மாற்றாவிட்டால் அது காற்றைக் குறைத்துச் சொல்லும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாது. ஒன்று, லேப்டாப்பை இணைத்து எஞ்சினின் கணக்கையே திருத்துகிறவரிடம் போயிருக்க வேண்டும். அல்லது குழாயைக் கழற்றிப் பரணில் போட்டிருக்க வேண்டும். காத்தண்ணன் இரண்டாவதைப் பாதி செய்தார்.

கம்பெனிப் பெட்டியைத் திரும்ப மாட்டினார். முன்விளக்குக்குப் பின்னால், கறுப்போடு கறுப்பாக அது ஒளிந்துகொண்டது. அதற்கு மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி, சிவப்புக் குழாயைப் படுக்கவைத்துக் கட்டினார். ஒரு முனையில் கூம்பு ஃபில்டர். மறுமுனை எஞ்சினின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் கம்பீரமாக நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டது. தூசு போகாமல் இருக்க அந்த முனையைப் பழப் படம் போட்ட ஒரு ஜாம் பாட்டில் மூடியால் அடைத்தார். டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற மனைவிதான் மூடியைக் கொடுத்தாள்.

"இதுக்குப் பேரு என்னங்க?" என்று அவள் அன்று கேட்டாள்.

"தற்காலிக ஏற்பாடு."

அந்தத் தற்காலிகம் வருடக்கணக்கில் நீண்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பானெட் திறக்கும், சிவப்பு பளபளக்கும். யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று போவார். ஆக்சிலேட்டரை மிதித்து, "கேட்டுச்சா? அந்த உறுமல்?" என்பார். "கேட்டுச்சுண்ணே!" என்பார்கள். உடம்பு சிலிர்த்ததாகக்கூட ஒருவர் சொன்னார். கூம்பு ஃபில்டரை அவர் தவறாமல் கழுவி நிழலில் உலர்த்துவார். ஒரு தும்மலளவு காற்றுகூட உள்ளே போகாத ஃபில்டருக்கு அத்தனை சுத்தம்.

அவர் சொல்லைக் கேட்டு அதே குழாயை வாங்கி, நிஜமாகவே மாட்டிக்கொண்ட அப்பாவி ஒருவர் உண்டு. மாட்டு டாக்டர். ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கெல்லாம் மண்பாதையில் கார் ஓட்டிப் போகிறவர். நெடுநெடுவென்று வளர்ந்து, எதற்கும் கொஞ்சம் குனிந்தே நிற்பார். அவர் ஒரு மாலை கண்ணாடிக் கடையின் இருட்டறைக்குள் தலையைத் தாழ்த்தி நுழைந்து, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணுல என்ன டாக்டர்?"

"கண்ணு இல்லண்ணே. வண்டி."

காத்தண்ணன் கையில் எடுத்த இரும்புச் சட்டத்தைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"போன வாரம் ஒரு மாடு கன்னு போட முடியாம தவிக்குதுன்னு கூப்பிட்டாங்க. பண்ணை வாசல் தெரியுது. அங்க வந்து வண்டி அணைஞ்சுபோச்சு. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்றேன், அணையுது. பைய தூக்கிட்டு சேத்துல ஓடினேன். கன்னுக்குட்டிய பொணமாத்தான் எடுத்தேன்." டாக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படின்னா வேற டாக்டர பார்த்துக்கறேன்னு பண்ணைக்காரர் சொல்லிட்டார். அவர் சொன்னதுல தப்பில்ல."

"விளக்கு எரியுதா?"

"எரிஞ்சிட்டேதான் இருக்கு. எஞ்சின் நல்லா மூச்சு விடுதுன்னு அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க? கண்ண உறுத்துதுன்னு கறுப்பு டேப் ஒட்டிட்டேன்."

காத்தண்ணன் ஒரு வில்லையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். எஞ்சினின் கணக்கைத் திருத்துகிற லேப்டாப்காரர் சனிக்கிழமை ஊருக்கு வருகிறார். அவர் வருவதே அபூர்வம். மரியாதைக்காகக் காத்தண்ணனும், வேறு வழியில்லாமல் டாக்டரும் அவரிடம் இடம் பிடித்திருந்தார்கள். டாக்டருக்கு அவர் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: குழாயா, கம்பெனிப் பெட்டியா என்று முன்னாலேயே முடிவுசெய்துகொண்டு வர வேண்டும். எதை வைத்துத் திருத்துகிறாரோ அதுதான் கடைசிவரைக்கும். அப்புறம் மாற்றினால் பழைய நடுக்கம் திரும்ப வரும்.

"எது நல்லதுன்னு அவரையே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். நான் யோசனை சொல்றதில்ல, சொன்னா கேக்க மாட்டாங்க, கேட்டவங்க பின்னால திட்டுவாங்கன்னுட்டார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். இத்தனை வருஷமா இதே குழாயோட உங்க வண்டி ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுதே! வெயிலு, தூசு எதுவும் அத அசைக்கல. கோளாறு குழாய்ல இல்ல, நான் மாட்டுனதுலதான் இருக்கணும். நீங்க வைன்னா வைக்கறேன், எடுன்னா எடுக்கறேன். சனிக்கிழமை நேர்ல சொல்லுங்க."

காத்தண்ணனின் பொய்யில் இருந்த கொடுமை இதுதான்: அது வேலை செய்தது. கம்பெனிப் பெட்டியால் ஒழுங்காக ஓடிய வண்டி, அலங்காரக் குழாய்க்கு நற்சான்று வழங்கிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மூஞ்சி பஞ்சரான மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

சொன்னார்.

"அவ்வளவுதானே? யோசனை சொல்றதுன்னா உங்களுக்கு வெல்லமாச்சே. சொல்லிட வேண்டியதுதான்."

"என்னன்னு சொல்றது?"

"எங்க வீட்டுக் குழாய் பொறந்ததுலேருந்து மூச்சே விடலன்னு சொல்லுங்க. டாக்டர்தானே, புரிஞ்சுப்பார்."

"கிண்டல் பண்ணாதே. கூட்டத்துல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"அந்த மரியாதையில பாதி எனக்கு வரணும். மூடி என்னோடது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு கீழே வண்டிகள் நிற்கும் தளத்துக்கு இறங்கினார். அவருக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. அவருடைய தரத்துக்கு அது மேதைமை என்றே சொல்லலாம். கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சிவப்புக் குழாயை இப்போதாவது நிஜமாக இணைத்துவிட்டால்? லேப்டாப்காரர் அதற்கேற்பக் கணக்கைத் திருத்திவிடுவார். விளக்கு எரியாது, நடுக்கம் வராது. இத்தனை வருடப் பொய்யும் ஒரே சனிக்கிழமையில், முன்தேதியிட்டு உண்மையாகிவிடும். டாக்டரிடம் நிமிர்ந்து நின்று "வைங்க" என்று சொல்லிவிடலாம். டாக்டரின் மண்பாதையில் அந்தக் கூம்பு ஃபில்டர் என்ன பாடுபடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அது மண்பாதையின் பிரச்சினை.

குழாயை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் வளைவைக் கையில் எடுத்து அழுத்தினார். வருடக்கணக்கில் சூட்டில் சும்மா கிடந்த ரப்பர், பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிளந்தது. சனிக்கிழமைக்குள் புதிது கிடைக்க வழியில்லை. உழைக்காமலே தேய்ந்துபோன பொருளை அவர் முதன்முறையாகப் பார்த்தார். கண்ணாடி பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் முன்பே பார்த்திருப்பார்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் முன்போலவே கட்டிவைத்தார். மூடி உட்பட.

சனிக்கிழமை அந்தப் பட்டறையில் லேப்டாப்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். மனிதர்களைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்க்கிற ஆள். தரையில் பதித்த உருளைகளின் மேல் சக்கரங்களை ஏற்றி, வண்டியைப் பட்டைகளால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, முன்னால் ஓர் ஆளுயர விசிறியை ஓடவிடுவார். வண்டி நின்ற இடத்திலேயே பறக்கும். ஆட்கள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் மட்டும் உள்ளே.

முதலில் காத்தண்ணன் வண்டி. "மூத்தவர் முதல்ல" என்று டாக்டர்தான் விட்டுக்கொடுத்தார்.

லேப்டாப்காரர் ஒரு ஓட்டம் ஓட்டினார். திரையைப் பார்த்தார். சிவப்புக் குழாயைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, எஞ்சின் மூடியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஸ்ட்ராபெர்ரியா?" என்று கேட்டார்.

விசிறி இரைந்துகொண்டிருந்தது. காத்தண்ணனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் துல்லியமாகக் கேட்டது.

"அது... வந்து..."

"எனக்கு எதுவும் சொல்ல வேணாம். உள்ள கம்பெனிப் பெட்டி இருக்கு, அத வச்சுப் போடறேன். மேல நீங்க பூந்தொட்டி வச்சாலும் எனக்குக் கவலையில்ல."

கணக்குத் திருந்தியது. வண்டி முன்னைவிட நன்றாகவே இழுத்தது. தடுப்புக்கு அப்பால் நின்ற டாக்டர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குழாய்க்கு இன்னொரு நற்சான்று.

அடுத்து டாக்டர் வண்டி ஏறியது. காத்தண்ணனையும் டாக்டர் கையோடு உள்ளே நிறுத்திக்கொண்டார். அதன் டிக்கியில், பழைய படுக்கை விரிப்பில் குழந்தையைப் போலச் சுற்றி, கழற்றிவைத்த கம்பெனிப் பெட்டி இருந்தது.

"டாக்டர், கடைசியா கேக்கறேன். எது?" என்றார் லேப்டாப்காரர்.

டாக்டர் திரும்பிக் காத்தண்ணனைப் பார்த்தார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் அதே பார்வை.

"உங்க மனசு என்ன சொல்லுது டாக்டர்?"

"என் மனசு மாட்டப் பத்தின்னாதான் சொல்லும்ணே."

"இல்ல, இப்ப, இதுவா... அதுவான்னு பார்த்தா..."

"அதத்தாண்ணே நானும் கேக்கறேன்."

லேப்டாப்காரர் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெளிய நிறைய பேர் காத்திருக்காங்க" என்றார். அவர் எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் அவருக்குத் தெரியும் என்பது காத்தண்ணனுக்குத் தெரியும். அந்த அறையில் உண்மை தெரிந்தவர் ஒருவர் அலட்சியமாக உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. கன்றுக்குட்டி அவர் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது, கொஞ்சம் தாமதமாக.

"இங்க வாங்க டாக்டர்" என்று முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். தன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். "கைய விடுங்க."

"எங்க?"

"அந்த மூடிக்கு அடியில. குழாய் போற பக்கம்."

டாக்டர் பழக்கதோஷத்தில் சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டார். கையை நுழைத்துவிட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஆகாயத்தைப் பார்த்தார். மாட்டுக்குள் கையை விட்டுக் கன்றின் கிடையை அறிகிறபோதும் இப்படித்தான் நிற்பார். விரல்கள் உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தன.

"குழாய் இருக்கு... ம்... இங்க முடிஞ்சிடுதே." விரல்கள் மறுபடி ஊர்ந்தன. "அடைச்சிருக்கு. தகரம். ஓரத்துல நெளிநெளியா..." ஆகாயத்திலிருந்து கண்கள் இறங்கின. "மூடி."

"ஆமா."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்து."

டாக்டர் கையை மெல்ல வெளியே எடுத்தார். துடைத்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார்.

"அப்ப அந்தச் சத்தம்? உங்க வண்டியில உக்காந்து கேட்டேனே, உறுமலு?"

"நீங்க கேட்டீங்க டாக்டர். நான் கேட்டுச்சான்னுதான் கேட்டேன்."

இதை ஒப்புதல் என்று எழுதக் கை வரவில்லை. வாயால் சொல்லத் துணிவில்லாமல் இன்னொருவர் விரலைப் பிடித்துச் சொல்லவைத்தார். சொன்ன பிறகும் பழியில் ஒரு பங்கை, உறுமலைக் கேட்டவர் காதின் மேலேயே போட்டுவிட்டார். ஆனாலும் வேலை நடந்தது. டாக்டர் தன் டிக்கியைத் திறந்து, படுக்கை விரிப்பைப் பிரித்து, கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "பழசு" என்றார். "சரி" என்றார் லேப்டாப்காரர். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பெட்டி ஏறியது, கணக்குத் திருந்தியது. டாக்டர் கறுப்பு டேப்பை உரித்துப் பார்த்தார். அடியில் விளக்கு எரியவில்லை. வண்டி நின்ற நிலையில் ஒரே சீராக முணுமுணுத்தது. அவர் நெடுநேரம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கேட்டது நிஜச் சத்தம்.

போகும்போது காத்தண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை முழுவதும் காத்தண்ணன் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் டாக்டர் எதையாவது எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. நாளை ஞாயிறு. பானெட்டைத் திறக்கச் சொல்லி அத்தனை பேரும் கையை விடுவார்கள்.

"போகாம இருந்துடுங்களேன். காய்ச்சல்னு சொல்லிடலாம். பொய் சொல்றது நமக்கென்ன புதுசா?" என்றாள் மனைவி.

ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. டாக்டர் நின்றுகொண்டிருந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து. காத்தண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டே, "டாக்டர், நேத்து நான்..." என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும்ணே." டாக்டர் படிக்கட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டி தங்கமா ஓடுது. பிரச்சினை அது இல்ல. என் மாமனார் இருக்காரே, நான் அந்தக் குழாய் வாங்குன அன்னிக்கே, கொஞ்ச நாள்ல பழச மாட்டிக்கிட்டு வருவீங்க மாப்பிள்ளைன்னு சொன்னவர். நான் விடல. உறுமல கேளுங்க மாமான்னு கூட்டிட்டுச் சுத்தினேன். அவரும் கேக்குதுன்னு ஒத்துக்கிட்டார். இன்னிக்கு மத்தியானம் சாப்பிட வர்றார். வந்ததும் பானெட்டத்தான் தொறப்பார்."

காத்தண்ணனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"குழாய மேல கட்டிட்டேண்ணே, உங்களுது மாதிரியே. முனைதான் தொறந்து கிடக்கு." டாக்டர் விரல்களை வட்டமாக்கிக் காட்டினார். "அந்த மூடி... எந்த சைஸ்?"

மனைவி சமையலறைக்குள் போனாள். பாதி காலியான ஜாம் பாட்டிலோடு திரும்பி வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூடி மட்டும் போதுமா டாக்டர், ஜாமும் வேணுமா?"

"மூடி போதுங்க. வீட்ல யாரும் இனிப்பு சாப்பிடறதில்ல."

அவள் மூடியைத் திருகி எடுத்து அவர் கையில் வைத்தாள். "இனிமே வாரத்துக்கு ஒருத்தர் வருவாங்க போலிருக்கே. பேசாம பெரிய பாட்டிலா வாங்கி வச்சுடலாமா?"

"பெரிய பாட்டில் மூடி சரிவராது" என்றார் காத்தண்ணன். ஞாயிற்றுக்கிழமைக் குரல் திரும்பியிருந்தது. "அது குழாய விட அகலம், சூடு ஏறினா நழுவிடும். இந்த அளவுதான் கச்சிதம். டாக்டர், ஒண்ணு கவனிங்க: வெள்ளைப் பக்கம் உள்ள இருக்கணும். கட்டறதுக்கு முன்னாடி ஓரத்த நல்லா துடைச்சிடுங்க, வித்தியாசம் உங்களுக்கே தெரியும்."

டாக்டர் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

மனைவி பாட்டிலின் மேல் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.